குட்டி யானையின் கமான் பட்டை போல்ட்டுகள்: சோதித்தலும் இறுக்குதலும்

நம் சிற்றூர்களில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வேலையை முன்னர் மாட்டு வண்டியும், அதன் பின் டிராக்டர் டிரெய்லரும் செய்து வந்தன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறு சுமை வண்டியை வெளியிட்ட பின் இந்நிலை வெகுவாக மாறியது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டினர். இன்று வேறு நிறுவனங்களின் சிறு சுமை வண்டிகளும் பிக்கப் வண்டிகளும் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. உழவரே வண்டி வாங்கித் தம் விளைபொருளோடு அண்டை அயலார் விளைபொருளையும் ஏற்றிச் செல்வது சாதாரணமாகிவிட்டது.

உழவியல் பயிற்றுவிப்பவருக்கு வண்டியின் நட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக் கூடும். தக்காளியைப் பறித்த பின் நேரும் சேதத்தில் ஒரு பகுதி சாலையில்தான் நேருகிறது. வண்டி வழியில் நின்றுவிட்டால் அன்றைய ஏலம் தவறிப் போகிறது. அதைவிட முக்கியமானது, வண்டியில் அமர்ந்து செல்பவரின் உயிர். பின்னச்சைப் பிடித்து வைத்திருக்கும் சில நட்டுகள் தளர்வதால் பெரும் விபத்தே நேரலாம். அவற்றைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். ஆகவே இது நம் தொழிலைச் சேர்ந்த செய்தியே ஆகும்.

அமைப்பைத் தெரிந்து கொள்ளுங்கள்

பெரும்பாலான சிறு சுமை வண்டிகளின் பின்னச்சு கமான் பட்டைகளின் மேல்தான் நிற்கிறது. முன்புறம் வண்டிக்கு வண்டி மாறுபடும். சிலவற்றில் அங்கும் பட்டை, சிலவற்றில் சுருள்வில். நாம் இங்குப் பட்டையைப் பற்றியே பார்ப்போம்.

பல எஃகுப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு துளையிட்டு, ஒரு சிறு போல்ட்டைச் செருகியிருப்பார்கள். இதற்குச் சென்டர் போல்ட் என்று பெயர். இதன் தலை அச்சின் மேலுள்ள மேடையில் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். பட்டை அடுக்கை அச்சோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பவை இரண்டு யூ போல்ட்டுகள். இவை ஆங்கில எழுத்தாகிய 'யூ' போல வளைந்தவை. இரு நுனியிலும் மரை உண்டு. ஆக ஒரு பக்கத்துக்கு நான்கு நட்டு, இரு பக்கமும் சேர்த்து எட்டு. பட்டை சில வண்டிகளில் அச்சுக்கு மேலேயும், சிலவற்றில் கீழேயும் அமைந்திருக்கும். முறை இரண்டுக்கும் ஒன்றே.

பட்டையின் முன் நுனியிலுள்ள கண் வண்டியின் சட்டத்தோடு ஒரு போல்ட்டால் நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். பின் நுனி 'ஷேக்கிள்' எனப்படும் ஆடும் இணைப்பில் தொங்கும். சுமை ஏறினால் வளைந்த பட்டை நிமிர்ந்து சற்று நீளும் அல்லவா? அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பதே ஷேக்கிளின் வேலை.

இதில் பலர் தவறாக எண்ணுவது ஒன்று உண்டு. அச்சைப் பிடித்து வைத்திருப்பது சென்டர் போல்ட் என்று நினைக்கிறார்கள். அவ்வாறன்று. சென்டர் போல்ட் அச்சு எங்கே உட்கார வேண்டும் என்று இடத்தைக் காட்டும் முளை மட்டுமே. பிடிப்பு முழுவதும் யூ போல்ட்டுகளின் அழுத்தத்தால் கிடைப்பது. அந்த அழுத்தம் குறைந்தால், அச்சு முன்னும் பின்னும் நகர முயலும் விசை முழுவதும் அந்தச் சிறு முளையின் மேல் விழும். சில நாள் தாங்கும். பின்னர் ஒரு நாள் பிரேக் போடும் போதோ, குழியில் விழுந்து எழும் போதோ அறுந்துவிடும். அறுந்தால் ஒரு பக்கத்து அச்சு பின்னோக்கிச் சரியும். வண்டி நாய் ஓடுவது போல் கோணலாக ஓடும். பிரேக் குழாய் இழுபடும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் பாரத்தோடு இறங்கும் போது இது நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கத்தில் திரும்பத் திரும்பப் பிரேக் போடும் போது அச்சை முறுக்கும் விசையையும் இந்த யூ போல்ட்டுகளே தாங்குகின்றன.

நட்டு ஏன் தளர்கிறது?

வைக்கோல் பாரம் கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புறப்படும் போது வீணை நரம்பு போல விறைத்திருந்த கயிறு, இரண்டு கிலோ மீட்டர் போனதும் தொளதொளத்துவிடும். கயிறு நீண்டுவிட்டதால் அன்று. உள்ளே வைக்கோல் படிந்துவிட்டதால். பட்டை அடுக்கிலும் இதுவே நடக்கிறது. பட்டைகளுக்கு இடையே பெயின்ட், துரு, மண் என்று மெல்லிய படிவுகள் இருக்கும். வண்டி ஓட ஓட இவை நசுங்கித் தேயும். அடுக்கின் கனம் மிகச் சிறிதளவு குறைந்தாலும் யூ போல்ட்டின் இழுப்பு பெரிதும் குறையும். நட்டு ஒரு சுற்றும் திரும்பியிருக்காது; ஆனால் பிடிப்பு போயிருக்கும். பிடிப்பு குறைந்ததும் பட்டை பக்கவாட்டில் நுண்ணியதாக அசையத் தொடங்கும். அந்த அசைவே பின்னர் நட்டைக் கழற்றவும் செய்யும்.

புதுப் பட்டை போட்ட வண்டியில் இந்தப் படிதல் மிக விரைவாக நிகழும். எனவே பட்டறையில் பட்டை மாற்றிய பின், முதல் பாரம் ஏற்றி இறக்கியதும் ஒரு முறையும், சுமார் 500 கிலோ மீட்டர் ஓடியதும் மறுமுறையும் இறுக்கத்தைச் சோதித்தல் வேண்டும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். "நேற்றுத்தானே பட்டறையிலிருந்து வந்தது" என்று இருந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. நேற்று வந்த வண்டிக்குத்தான் சோதனை அதிகம் தேவை.

மிகுசுமை மற்றொரு காரணம். முதலில் வந்த ஏஸ் வண்டியின் சுமைத்திறன் முக்கால் டன், அதாவது 750 கிலோ. 25 கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டியானால் 30 பெட்டி. அதில் 50 பெட்டி அடுக்கினால் பட்டை நிமிர்ந்து போவதோடு ஒவ்வொரு குழியிலும் யூ போல்ட்டின் மேல் அதிரடி விழும். தங்கள் வண்டியின் சுமைத்திறன் பதிவுச் சான்றிலுள்ள எடைகளைக் கழித்தால் தெரிந்துவிடும்.

உரம் ஏற்றும் வண்டிகளுக்கு ஒரு தனிச் சொல். யூரியா, அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் ஆகியவை காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தும் உரம் பலகை இடுக்கு வழியே பட்டையின் மேல் விழுந்து கசிந்து உப்புநீராகிவிடும். நாம் பயன்படுத்தும் மியூரியேட் பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பே. சமையல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் பயிருக்கு நல்லவை, பட்டைக்கு அல்ல. உரம் இறக்கிய அன்றே தொட்டியைப் பெருக்கிவிட்டு, அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுதல் நலம். உவர் நீரால் கழுவுவதில் பயனில்லை.

கண்ணால் காணும் அறிகுறிகள்

முதலில் அடிப்பக்கத்துச் சேற்றைக் கம்பித் தூரிகையால் நீக்குங்கள். பின்னர் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நட்டின் ஓரத்திலிருந்து செந்நிறத் தூள் கோடாக வழிந்திருந்தால் அங்கே அசைவு இருக்கிறது என்று பொருள். இரும்பும் இரும்பும் உராய்ந்தால் வரும் தூள் அது. யூ போல்ட் பட்டையைத் தொடும் இடத்தில் பெயின்ட் போய் வெள்ளி போலப் பளபளத்தாலும் அதே பொருள். பட்டைகளின் ஓரங்கள் ஒரே சீராக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, ஏதேனும் ஒன்று பக்கவாட்டில் பிதுங்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

சிறு சுத்தியலால் நட்டின் ஒரு பக்கத்தைத் தட்டி, எதிர்ப்பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். இறுகிய நட்டு கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று ஒலிக்கும். விரலுக்கு அதிர்வும் தட்டுப்படும். இது அனுபவத்தில் வருவது. நல்ல நட்டையும் தட்டி ஒலியைப் பழகிக் கொள்ள வேண்டும்.

அச்சு நகர்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு நூல் கயிறு போதும். சமதரையில் முன் சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். தெளிவாகத் தெரியும் அளவுக்கு வேறுபாடு இருப்பின், நட்டை இறுக்கிவிட்டு ஓட்டலாம் என்று எண்ணாதீர்கள். அந்த வண்டியைப் பாரம் ஏற்றாமல் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும்.

பட்டை உடைந்து போனால், அது எங்கே உடைந்தது என்று பாருங்கள். இதைப் பட்டறைக்காரரும் பல வேளை பார்ப்பதில்லை. சென்டர் போல்ட் துளையின் குறுக்கே உடைந்திருந்தால் யூ போல்ட் தளர்ந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இறுகப் பிடித்த இடத்தில் பட்டை வளையாது. பிடி தளர்ந்தால்தான் துளையிட்ட பலவீனமான நடுப்பகுதி வளைந்து வளைந்து வெடிக்கும். யூ போல்ட்டுக்கு வெளியே உடைந்திருந்தால் பெரும்பாலும் மிகுசுமையோ, பட்டையின் வயதோ காரணம். தக்காளி வயல் பார்க்கச் சென்ற இடத்தில் ஓர் உழவர் ஒரே பருவத்தில் இரண்டு முறை மெயின் பட்டை மாற்றியதாகக் கூறிப் பட்டையின் தரத்தைக் குறை சொன்னார். கொட்டகையில் கிடந்த இரண்டு உடைந்த பட்டைகளும் துளையின் குறுக்கேதான் உடைந்திருந்தன. பட்டை மாற்றிய இரு முறையும் பழைய யூ போல்ட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள்.

இறுக்கும் முறை

வண்டியைக் காலியாகச் சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். யூ போல்ட் நட்டை இறுக்க வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. வண்டியின் எடை சக்கரத்தின் மேலேயே இருக்க வேண்டும். வேறு வேலைக்குத் தூக்க நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி உடலை உள்ளே நுழைக்கக் கூடாது. சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தல் வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென நொறுங்குபவை.

நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். முன் உட்புறம், பின் வெளிப்புறம், முன் வெளிப்புறம், பின் உட்புறம் என்று போகலாம். ஒரே நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அடித்தட்டு சாய்ந்து உட்காரும். மூன்று சுற்றாகச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசிச் சுற்றில் முழு அளவுக்குக் கொண்டு வர வேண்டும். ஒரு யூ போல்ட்டின் இரு காலிலும் நட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் மரை ஏறத்தாழ ஒரே அளவாக இருத்தல் வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது? இதற்கு வண்டிக்கு வண்டி, போல்ட்டின் கனத்துக்கு ஏற்ப அளவு உண்டு. கையேட்டில் நியூட்டன் மீட்டர் என்றோ கிலோகிராம் மீட்டர் என்றோ குறித்திருப்பார்கள். கையேடு இல்லாதவர் விற்பனை நிலையத்தின் பட்டறையில் கேட்டுக் குறித்துக் கொள்ளலாம். "கைக்கு எட்டிய மட்டும்" என்பது அளவாகாது. ஒல்லியானவர் கைக்கும் பளுவானவர் கைக்கும் எட்டுவது ஒன்றல்ல. ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி ஏறி மிதிப்பவர்களும் உண்டு. அளவு மிஞ்சினால் யூ போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். நீண்டது பின்னர் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.

அளவோடு இறுக்க டார்க் ரெஞ்ச் என்ற கருவி உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக் கொள்ளலாம். அது இல்லாத வீட்டிலும் விளைபொருள் நிறுக்கும் தொங்கு தராசு இருக்கும். அதைக் கொண்டே அளக்கலாம். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியை 10 கிலோ விசையோடு இழுத்தால் அது 10 கிலோகிராம் மீட்டர், அதாவது சுமார் 98 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் கைப்பிடியானால் அதே இறுக்கத்துக்கு 20 கிலோ விசை வேண்டும். எனவே கணக்கு எளிது. கையேட்டில் நியூட்டன் மீட்டரில் இருந்தால் 9.8-ஆல் வகுத்துக் கிலோகிராம் மீட்டராக்குங்கள். அதைக் கைப்பிடியின் நீளத்தால் (மீட்டரில்) வகுத்தால் தராசு காட்ட வேண்டிய கிலோ கிடைக்கும். எடுத்துக்காட்டுக்கு மட்டும் ஒரு கணக்கு: அளவு 90 நியூட்டன் மீட்டர், கைப்பிடி 50 சென்டி மீட்டர் என்றால், 90-ஐ 9.8-ஆல் வகுக்க 9.2, அதை 0.5-ஆல் வகுக்க 18.4 கிலோ. இதை உங்கள் வண்டிக்கான அளவாகக் கொள்ளாதீர்கள்.

நீளத்தை நட்டின் நடுவிலிருந்து தராசின் கொக்கி மாட்டும் இடம் வரை அளக்க வேண்டும். கொக்கி நழுவாமலிருக்க அந்த இடத்தில் கயிற்றால் ஒரு முடிச்சுப் போடுங்கள். தராசைக் கைப்பிடிக்குச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் தராசு காட்டும் எடை முழுவதும் நட்டில் சேராது. ஸ்பேனர் நழுவினால் இழுப்பவர் பின்னால் விழுவார். பின்னால் கல்லோ கலப்பையோ இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

மரை துருவின்றிச் சுத்தமாக இருத்தல் வேண்டும். எண்ணெய் தடவிய மரையில் அதே அளவு முறுக்கு அதிக இழுப்பைக் கொடுத்துவிடும். எனவே கையேடு சொன்னாலன்றி எண்ணெய் தடவாதீர்கள்.

யூ போல்ட்டைக் கழற்ற நேர்ந்தால் புதியது போடுவதே முறை. பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றினால், ஒரு புது நட்டைக் கையாலேயே மரை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்துக் கொண்டால் அங்கே போல்ட் நீண்டு மரை விலகிவிட்டது. சென்டர் போல்ட்டும் மற்ற போல்ட்டுகளும் வாங்கும் போது தலையிலுள்ள எண்ணைக் கவனியுங்கள். 8.8 என்றிருந்தால் அதன் இழுவலிமை ஒரு சதுர மில்லி மீட்டருக்கு 800 நியூட்டன், 4.6 என்றால் 400, அதாவது பாதி. 4.6 போல்ட் கேட்டுக்குப் பொருந்தும், வண்டியின் அச்சுக்குப் பொருந்தாது. பட்டையிலும் யூ போல்ட்டிலும் வெல்டிங் வைக்கவே கூடாது. சூடேறிய எஃகு தன் பதத்தை இழந்துவிடும்.

கண் போல்ட்டும் ஷேக்கிளும்

இங்கு ரப்பர் புஷ் உள்ளதா, கிரீஸ் அடிக்கும் பின் உள்ளதா என்று முதலில் பாருங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும் போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கேறியபடியே நிற்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். கிரீஸ் பின் உள்ள இடத்தில் நிப்பிளைத் துடைத்துவிட்டு, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும் வரை அடிக்க வேண்டும்.

பட்டை கிறீச்சிடுகிறது என்று கழிவு எண்ணெயையும் டீசலையும் தெளிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. சத்தம் நிற்கும், ஆனால் ரப்பர் புஷ் ஊறி உப்பிக் கெடும், தூசியும் ஒட்டிக் கொள்ளும். இதை விட்டுவிடுதல் நலம்.

ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் நட்டுகளையும் இதே வேளையில் பார்த்துவிடலாம். முன்புறத்தில் பால் ஜாயின்டும் ஸ்டியரிங் இணைப்புகளும் உள்ள இடத்தைக் கண்ணால் மட்டும் பாருங்கள். அங்கே பிளவு ஊசி காணாமற் போயிருந்தாலோ ஆட்டம் தெரிந்தாலோ, அது பட்டறைக்குரிய வேலை.

எப்போது சோதிப்பது?

என்ஜின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் தராசோ ரெஞ்சோ கொண்டு முழுச் சோதனை செய்யலாம். இது தவிர, தை மாதச் சம்பா அறுவடைக்கு முன்பும், தக்காளி, வெங்காயம் போன்றவை தொடர்ந்து ஏறும் பருவத்துக்கு முன்பும் ஒரு முறை செய்துவிட வேண்டும்.

இடைப்பட்ட நாட்களுக்கு ஓர் எளிய வழி. இறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து போல்ட் மரை வழியாக அடித்தட்டு வரை ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துவிடுங்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசி மீந்த வர்ணமே போதும். நட்டு சிறிது திரும்பினாலும் கோடு உடைந்து காட்டும். காலையில் டயருக்குக் காற்றுப் பார்க்கும் போதே குனிந்து இக்கோட்டையும் பார்த்துவிடலாம். ஆனால் நட்டு திரும்பாமலே பிடிப்பு குறையும் என்று முன்னர் கண்டோம். எனவே கோடு நேராக இருக்கிறது என்பதற்காகப் பருவச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

ஒரே நட்டு மீண்டும் மீண்டும் தளர்ந்தால், மேலும் மேலும் இறுக்குவதில் பயனில்லை. யூ போல்ட் நீண்டிருக்கும், அல்லது அடித்தட்டு வளைந்திருக்கும், அல்லது சென்டர் போல்ட்டின் தலை குழியில் சரியாக உட்கார்ந்திராது. அடுக்கைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பட்டறையில் பிரிக்கும் போது அருகிலேயே இருந்து சென்டர் போல்ட்டை வாங்கிப் பாருங்கள். அதன் தண்டில் படிக்கட்டுப் போலத் தேய்மானம் இருந்தால் அச்சு நகர்ந்து கொண்டிருந்தது உறுதி. அவ்வாறாயின் சென்டர் போல்ட்டோடு நான்கு யூ போல்ட்டுகளையும் நட்டுகளையும் இரு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றச் சொல்லி, வண்டியை எடுக்கும் முன் கயிற்றால் இரு பக்க அளவையும் மறுபடி பார்த்துக் கொள்ளுங்கள்.